பாட்டு பாடியவருடையதா? மலையக நற்செய்திப் பாடகரின் வாழ்வும் பாட்டின் உரிமைகளும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துச் சபைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிச் செய்தி அடிக்கடி சுற்றிவருகிறது. நம் தோட்டத்துப் பெண் பாடி யூடியூபில் போட்ட பாட்டைக் காணவில்லை. உடனே இரண்டு பேச்சுக் கிளம்புகிறது. "யாரோ பாடியதைத் திருடிப் போட்டாராம், அதனால்தான் எடுத்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வருகிறதே, ஊழியம் என்று சொல்லி இலட்சக்கணக்கில் காசு பார்க்கிறார்" என்பது மற்றது. பெரும்பாலும் இரண்டுமே தவறு. ஆனால் அந்தப் பேச்சில் கெடுவது ஒரு பெண்ணின் பெயர். ஞாயிற்றுக்கிழமை அதே சபையின் முன்னால் நின்று அவர் மறுபடியும் பாட வேண்டும்.

எனவே நற்செய்திப் பாடகர் என்பவர் யார், அவர் எப்படி உருவாகிறார், ஒரு பாட்டுக்குள் யார் யாருக்கு உரிமை இருக்கிறது, காசு எந்த வழியாக வருகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

'கொஸ்பல் பாடகர்', அதாவது நற்செய்திப் பாடகர், என்ற சொல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபைகளிலிருந்து வந்தது. 1930களில் சிக்காகோவில் தோமஸ் டோர்சி போன்றவர்கள் ப்ளூஸ் இசையையும் துதியையும் இணைத்தார்கள். பின்னாளில் அது ஒலிப்பதிவு நிறுவனங்களும் விருதுகளும் கொண்ட ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அங்கே ஒரு சபை பாடல் வரிகளைத் திரையில் காட்டுவதற்குக்கூட உரிமம் வாங்குகிற வழக்கம் உண்டு. நம்மிடம் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. சொல் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

தமிழ்ச் சபைகளில் பாடப்படுபவற்றைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஞானப்பாட்டு. ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளில் தமிழ் வரிகளை அமைத்துப் பாடுவது. பழைய புரொட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் கேட்கலாம்.

2. கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இராக தாளத்தோடு வருவது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) எச். ஏ. கிருஷ்ணபிள்ளையும் (1827–1900) இதில் பெரிய பெயர்கள்.

3. துதிப்பாடல், அல்லது ஆராதனைப் பாடல். குறுகிய வரிகள், திரும்பத் திரும்பப் பாடுவது, கீபோர்டும் டிரம்ஸும். தமிழ்நாட்டில் தந்தை பெர்க்மான்ஸின் பாடல்கள் ஒலிநாடாவில் பரவிய காலத்திலிருந்து இந்த வகை இங்கேயும் ஆழமாக வேரூன்றியது.

கத்தோலிக்கத் திருப்பலிப் பாடல்களுக்குத் தனி மரபு உண்டு. இன்று மலையகத்தில் 'நற்செய்திப் பாடகர்' என்றால் மூன்றாவது வகையைப் பாடி, பதிவு செய்து, இணையத்தில் வெளியிடுபவர் என்றே பொருள் கொள்கிறோம். இந்த மூன்று வகைக்கும் சட்டத்தின் முன் நிலை வேறு வேறு. அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

தோட்டத்துக்கு இந்தப் பாட்டு வந்த வழி

கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் தமிழருக்கென்று தனி மிஷன் ஒன்றை சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரிச் சங்கமும் சில தோட்டத்துரைமாரும் சேர்ந்து தொடங்கினார்கள். அதன் முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கீர்த்தனையும் அவர்களோடுதான் மலையேறியது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் அந்தப் பாட்டு இங்கே நிலைத்துவிட்டது.

ஆனால் தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் எப்போதும் சிறுபான்மையே. தோட்ட மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஒரு நற்செய்திப் பாடகி வளர்கிற லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் தப்பு என்ற பறையின் அடியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஞாயிறு பாடசாலையில் கைதட்டிக் கற்ற தாளத்துக்கு முன்பே இந்தத் தாளம் உடம்புக்குள் போய்விடுகிறது. மலையகப் பாடகர்கள் சிலரின் துதிப்பாடலில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு துள்ளல் வருவதைக் கவனித்தால் இது புரியும். தப்பை ஆராதனைக்குள் கொண்டுவரத் தயங்கும் சபைகள் இன்னும் உண்டு. அந்தத் தயக்கத்தால் நம் பாட்டு இழந்தது நிறைய என்பது என் எண்ணம்.

ஞாயிறு பாடசாலையிலிருந்து கன்வென்ஷன் மேடை வரை

பாடகராகும் பாதை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். சின்ன வயதில் கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் ஒரு பாட்டு. பிறகு பாடகர் குழு. அப்புறம் பாஸ்டரோடு வீட்டு ஜெபங்களுக்குப் போய்ப் பாடுவது. குழந்தை பிறந்த வீடு, சாவு விழுந்த வீடு, வெளிநாடு போகிறவருக்கான ஸ்தோத்திரக் கூட்டம். எந்த வீட்டில் எந்தப் பாட்டை எடுக்க வேண்டும், எந்தச் சுருதியில் தொடங்கினால் கூடியிருப்பவர்கள் சேர்ந்து பாடுவார்கள் என்பதைப் பாடகர் அங்கேதான் கற்கிறார். சங்கீத ஆசிரியர் வைத்துப் படித்தவர்கள் மிகக் குறைவு.

வீட்டு ஜெபத்தில் கிடைப்பது ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் பனிசும்தான். கன்வென்ஷன் என்ற பெரிய நற்செய்திக் கூட்டத்தின் மேடைக்கு வந்தால் கவரில் ஏதாவது வைத்துக் கொடுப்பார்கள். எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசும் வழக்கம் இல்லை. பேசினால் 'காசுக்குப் பாடுகிறவர்' என்ற பெயர் வந்துவிடும். வாடகை வேன், உடுப்பு, கீபோர்ட் வாசிக்கும் தம்பிக்குக் கொடுப்பது எல்லாம் போக, கவரில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் அநேகமாக எல்லாப் பாடகர்களுக்கும் வேறு வேலை உண்டு. முன்பள்ளி ஆசிரியை, ஆடைத் தொழிற்சாலை, கொழும்பில் ஒரு கடை, அல்லது தோட்டத்திலேயே பெயர், அதாவது நாட்கூலி வேலை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஸ்டூடியோவில் ஒரு பாட்டை முறையாகப் பதிவு செய்வதென்றால் எத்தனை பெயர் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்கள் கணக்குப் போட்டே பார்ப்பார்கள்.

ஆகவே பலர் முதல் பாட்டை லயத்துக் காம்பராவிலேயே (வீட்டு அறையிலேயே) பதிகிறார்கள். தகரக் கூரை என்பதால் மழை விட்டால்தான் பாட முடியும். ஜூன், ஜூலையில் மேற்குச் சரிவில் மழை விடுவது அபூர்வம். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்துக் காம்பராவில் டிவியை நிறுத்தச் சொல்லிக் கேட்டு, சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டு, சி.ஆர். கொப்பி என்ற பெரிய குறிப்பேட்டில் எழுதிய வரிகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதில் ட்ராக்கை, அதாவது குரல் இல்லாத பின்னணி இசையை, கேட்டபடி பாடுவார். இரண்டாவது சரணத்தில் நாய் குரைக்கும். மறுபடியும் முதலிலிருந்து. இந்தப் பாட்டைத்தான் நாம் கைத்தொலைபேசியில் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம்.

அந்தக் காதில் ஒலித்த ட்ராக் யாருடையது என்ற கேள்வியிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை?

இலங்கையில் இதைத் தீர்மானிப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு பாட்டின் பதிவுக்குள் குறைந்தது நான்கு உரிமைகள் இருக்கின்றன.

1. வரிகள். எழுதியவருடையவை. அவர் வாழும் காலம் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது இறந்த பின் 60 ஆண்டு.

2. மெட்டு. அமைத்தவருடையது. அதே காலக்கணக்கு.

3. பாடியவரின் உரிமை. தான் பாடியதை யார் பதிய வேண்டும், பரப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை. 50 ஆண்டு.

4. ஒலிப்பதிவின் உரிமை. பதிவைத் தயாரித்தவருடையது. இதுவும் 50 ஆண்டு.

இவை தவிர, எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. எங்கும் பதிவு செய்தால்தான் உரிமை பிறக்கும் என்பதில்லை. கொப்பியில் எழுதி முடித்த நேரத்திலேயே அது எழுதியவருடையது.

இப்போது நம் பாடகியிடம் திரும்புவோம். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை, தம்பியின் கீபோர்டோடு பாடிப் போட்டால் பிரச்சினை இல்லை. வரிகளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, மரபாக வரும் பழைய மெட்டும் அப்படியே. ஆனால் அதே கீர்த்தனைக்குச் சென்னையில் ஒரு நிறுவனம் பத்து வருடத்துக்கு முன் புதிதாக வாத்திய இசை பதிந்து வெளியிட்ட கரோக்கி ட்ராக்கை இறக்கிப் பாடினால், நான்காவது உரிமையில் கை வைக்கிறோம். பாட்டு பழையது, பதிவு புதியது.

மாறாக, சமீபத்தில் தமிழ்நாட்டில் வந்த துதிப்பாடல் ஒன்றை முழுக்கச் சொந்த வாத்தியங்களோடு பாடினாலும் முதல் இரண்டு உரிமைகள் வேறொருவருடையவையாகவே இருக்கும். "நான் நகல் எடுக்கவில்லை, நானே பாடினேன்" என்று பாடகர்கள் வேதனையோடு சொல்வது இந்த இடத்தில்தான். அவர்கள் சொல்வது உண்மை. ஆனாலும் அந்த உண்மை மூன்றாவது, நான்காவது உரிமைகளுக்கு மட்டுமே செல்லும்.

இன்னொரு பொதுவான தவறு மொழிபெயர்ப்பு. ஆங்கில ஆராதனைப் பாடலைத் தமிழாக்கிப் பாடிவிட்டு 'வரிகள்' என்று தன் பெயரைப் போடுவது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூலப்பாடலை எழுதியவரிடமே இருக்கிறது. தமிழாக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது மாறாது.

வீடியோ ஏன் காணாமல் போகிறது?

யூடியூப் 2007இல் 'கன்டென்ட் ஐடி' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உரிமையாளர்கள் தங்கள் பதிவுகளை அதில் சேர்த்து வைப்பார்கள். புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பாடுபவர் யார், எந்தச் சபை, எதற்காகப் பாடினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒலியும் மெட்டும் பொருந்துகிறதா என்பது மட்டுமே அதன் வேலை.

பொருந்தினால் நடப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வட்ஸ்அப் பேச்சில் இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன.

1. உரிமைகோரல். வீடியோ அப்படியே இருக்கும். அதில் வரும் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். சில வேளை அவர் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் தடுத்துவிடுவார். குவைத்தில் இருக்கும் அக்காவுக்குத் தெரிகிற பாட்டு நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான். இதனால் சேனலுக்கு எந்தக் கறையும் இல்லை.

2. அகற்றக் கோருதல். இது சட்டப்படியான முறைப்பாடு. வீடியோ நீக்கப்பட்டு, சேனலுக்கு ஓர் எச்சரிக்கைப் புள்ளி விழும். யூடியூப் கொடுக்கும் பதிப்புரிமைப் பாடத்தை முடித்தால் 90 நாளில் அது காலாவதியாகும். அதற்குள் மூன்று விழுந்தால் சேனலே மூடப்படும்.

நடைமுறையில் அநேகம் வருவது முதலாவது வகைதான். ஆங்கிலத்தில் வந்த மின்னஞ்சலைப் பார்த்துப் பயந்து, வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பாடகரே வீடியோவை எடுத்துவிடுவதும் நடக்கிறது. வாசித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பாட்டு இன்றும் இருந்திருக்கும்.

உரிமைகோரல் தவறாகவும் வரலாம். ஒரே தாளத்துண்டைப் பல ஸ்டூடியோக்கள் வாங்கிப் பயன்படுத்துவதால், முழுக்கச் சொந்தமான பாட்டுக்கும் வேறொருவர் உரிமை கோருவது நடக்கிறது. அப்போது மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவருக்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம். அவர் பேசாமல் இருந்தால் கோரிக்கை விழுந்துவிடும்.

விளம்பரம் வந்தால் காசு வருகிறதா?

வர வேண்டும் என்பதில்லை. இதை மட்டுமாவது சபையில் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பேச்சு அடங்கும். 2020ஆம் ஆண்டு இறுதியில் யூடியூப் தன் விதிகளை மாற்றியது. அதன்பின், விளம்பர வருமானத்தில் பங்கு தரும் பங்காளர் திட்டத்தில் சேராத சேனல்களின் வீடியோக்களிலும் அது விளம்பரம் போடலாம். அந்தக் காசில் பாடியவருக்கு ஒரு சதமும் இல்லை. உரிமைகோரல் விழுந்த வீடியோவில் வரும் விளம்பரக் காசு, மேலே சொன்னதுபோல, உரிமையாளருக்கு.

பாடகருக்குப் பங்கு வர, சேனல் பங்காளர் திட்டத்தில் சேர வேண்டும். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை. (இல்லையென்றால் 90 நாளில் 'ஷோர்ட்ஸ்' என்ற குறுவீடியோக்களுக்கு ஒரு கோடி பார்வைகள்.) 4,000 மணிநேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டொன்றை முழுதாக 48,000 தடவை கேட்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பாதிதான் கணக்கு. இந்த வாசலைத் தாண்டிய பிறகு நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. அதிலும் இலங்கையிலிருந்து பார்ப்பவர்களால் வரும் தொகை மிகச் சிறியது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருந்து கேட்பவர்களால்தான் கணக்கு சற்று ஏறும்.

அடுத்து வருவது ஒரு கடிதம். மலையகத்துக்கே உரிய தடை இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வருமானம் 10 டொலரை எட்டியதும், முகவரியை உறுதிசெய்ய கூகுள் ஒரு கடிதம் அனுப்பும். தபாலில் வரும் சாதாரணக் கடிதம், உள்ளே ஆறு இலக்க எண். அதைக் கணக்கில் பதிந்தால்தான் காசு வெளியே வரும். முதல் எண் உருவான நாளிலிருந்து நான்கு மாதம் அவகாசம். அதற்குள் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும்.

கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு விடயமே இல்லை. தோட்டத்தில் நிலைமை வேறு. எத்தனையோ லயங்களுக்குத் தனி வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், தபால் நகரம், அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே பிரிக்கப்பட்டு, யாராவது ஒருவர் கையில் பிரிவுக்கு வர வேண்டும். அதே தோட்டத்தில் அதே பெயரில் இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். வெளிநாட்டு முத்திரை போட்ட மெல்லிய உறையை விளம்பரக் காகிதம் என்று நினைத்து ஒதுக்கினால் யாரும் தேடப்போவதில்லை. மலையக மக்கள் தனி முகவரி கேட்டு நீண்ட காலமாகப் பேசிவருவது வாக்காளர் பட்டியலுக்கும் நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்கும் மட்டும் அல்ல. ஒரு பாடகியின் முதல் சம்பளமும் அந்த முகவரியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு வழி உண்டு. நகரத்தில் இருக்கும் நம்பிக்கையான உறவினரின் முகவரியையோ, ஒப்புக்கொண்டால் ஆலயத்தின் முகவரியையோ கொடுக்கலாம். கடிதம் வராவிட்டால் புதிய எண் கேட்கலாம். சில தடவை கேட்டும் வராவிட்டால் அடையாள ஆவணத்தைக் காட்டி உறுதிசெய்யும் வழி திறக்கும். அங்கே இன்னொரு தடை காத்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்து. தோட்டத்தில் பிறந்த பலருக்கு இது பழகிப்போன துன்பம். சேனல் தொடங்குவதற்கு முன்பே பெயரைச் சரிசெய்துகொள்வது நல்லது.

எல்லாம் முடிந்தாலும், கணக்கில் 100 டொலர் சேரும்வரை காசு வங்கிக்கு வராது. அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம்.

இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிஃபை சேவை 2021இல் இலங்கைக்கு வந்தது. ஆனால் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணமே இல்லை. புதிய பாடகருக்கு அதில் இப்போதைக்குப் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

ஊழியமா, தொழிலா?

இரண்டு பக்கமும் வேதத்தை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற மத்தேயு 10:8ஐ ஒரு பக்கம் காட்டுகிறது. வேலை செய்பவன் கூலிக்குத் தகுதியானவன் என்ற லூக்கா 10:7ஐ மறுபக்கம் காட்டுகிறது. இறையியலைத் தீர்க்க இந்தக் கட்டுரை போதாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கொழுந்து நிறை குறைந்தது என்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் கணக்கப்பிள்ளையிடம் போய் நியாயம் கேட்கிற ஊர் இது. அந்த ஊரே, இரவெல்லாம் விழித்துப் பதிந்த பாட்டுக்கு அந்தப் பிள்ளைக்குச் சல்லிக்காசும் வரக்கூடாது என்று சொல்வது சரியில்லை. அவருடைய குரலுக்கு நாம் மதிப்பளிக்கிறோம் என்றால், போகவர வேன் காசையாவது முன்கூட்டியே பேசி, கவரில் இல்லாமல் கையில் கொடுக்கலாம்.

சொந்தப் பாட்டு என்ற வழி

மேலே சொன்ன சிக்கல்களில் பாதி, பிறருடைய பாட்டைப் பாடுவதால் வருபவை. சொந்தமாக எழுதினால் முதல் உரிமையிலிருந்து நான்காவது வரை பாடகரிடமே இருக்க வாய்ப்புண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. நம் சபைகளில் பாடப்படும் பாட்டுகளில் கடலும் பாலைவனமும் திராட்சைத் தோட்டமும் வருகின்றன. மூடுபனியும் மண்சரிவும் கொழுந்துக் கூடையும் வருவது மிக அபூர்வம். மழை கூடிய இரவில் லயத்துக்கு மேலே மலை அசையுமோ என்று விழித்திருக்கும் வீடுகளில் எப்படிப்பட்ட ஜெபம் எழும் என்பதை இங்கே வாழ்கிறவர்தான் எழுத முடியும்.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கீபோர்ட் தம்பி மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டு அவருடையது. ஸ்டூடியோ அண்ணன் "காசு வேண்டாம், பதிந்து தருகிறேன்" என்றால் பதிவின் உரிமையை அவர் பின்னால் கேட்கலாம். உரிமையைக் கைமாற்றுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அன்பில் வாயால் பேசிக்கொண்டது, பாட்டு ஓடத் தொடங்கியதும் சண்டையாக மாறும்.

ஆகவே அதே சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர்கள், பதிந்த இடம், செலவு செய்தவர், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு, திகதி. எல்லோரும் கீழே கையெழுத்துப் போடட்டும். பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள்.